விடு என்றுதான் கத்தினேன்

ஓல்டர்ஷா, லங்காஷயர்
22 ஆகஸ்ட் 1954

மெய்ன் அக்காவுக்கு,

இங்கே வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். கோபப்படு, ஆனால் கிழித்துப் போடாமல் படி.

புதுக் கால்பந்துக் கிளப்பில் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். தங்கியிருப்பது மிஸஸ் கிளெக் என்கிற விதவையின் மாடியறையில். வாரத்தில் மூன்று நாள் மாட்டுக் குடலும் வெங்காயமும். வேல்ஸில் இதையெல்லாம் நான் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன் என்று அந்த அம்மாவுக்கு ஒரு நினைப்பு. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேற்று முதல் ஆட்டம். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். பேப்பரில் என் பெயரை பியூ என்று போடாமல் பக் என்று போட்டிருக்கிறார்கள். அது ஒரு சப்பை மூக்கு நாயின் பெயர். டிரெஸ்ஸிங் ரூமில் இனி ஒரு மாதத்துக்கு எனக்கு அதுதான் பெயர்.

லென் எப்படி இருக்கிறான்? ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது அனுப்புவார்கள்? பிப்ரவரி பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகு நான் அவனை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தலையில் கம்பி மாட்டிப் பளு தொங்கவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "உன் முட்டி எப்படிடா இருக்கு?" என்று கேட்டான். அவன் கழுத்தை உடைத்த முட்டியைத்தான் கேட்டான். கோல் காக்கிற என்னைப் போன்ற கோலி குதிக்கும்போது முட்டியைத் தூக்கித்தான் குதிப்பான், இல்லையென்றால் எதிராளி வந்து விலாவை நொறுக்கிவிடுவான். அது உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த வார்டுக்கு வர எனக்குக் கால் எழவில்லை.

இதை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நம் வெல்ஷ் மொழியில் எழுதியிருப்பதால் எப்படியும் அவனுக்குப் புரியாது. நலம் விசாரித்தேன் என்று மட்டும் சொல்.

இத்தெல்


ஸ்லிப்வே தெரு, போர்த்லாஸ்
5 செப்டம்பர் 1954

இத்தெலுக்கு,

கிழித்துப் போடவில்லை. இரண்டு முறை படித்தேன். மாட்டுக் குடலுக்கு ஆறு வரி, என் புருஷனுக்கு ஆறு வரி. நியாயமாகத்தான் பங்கு போட்டிருக்கிறாய்.

லென்னைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடிக்குத் தூக்க முடியாது என்பதால் முன்னறையிலிருந்த ஹார்மோனியத்தைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டு அங்கே கட்டில் போட்டிருக்கிறேன். கழுத்தைத் திருப்புகிறார். கை கொஞ்சம் தூக்குகிறார், விரல் மூடுவதில்லை. நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள். போர்த்லாஸ் டவுன் அணியின் சென்டர் ஹாஃப், உன் முன்னால் நின்று கோலை மறித்தவர், எவ்வளவு கனம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வில்ஃப் வந்தார். உங்கள் அணியில் வலது பக்கம் ஆடுவாரே, அதே வில்ஃப் பெய்னன்தான். பீர் குடித்தார், பழைய கதை பேசினார், போகும்போது கட்டில் காலைத் தட்டிவிட்டு, "காத கொஞ்சம் தொறந்து வச்சிருந்தா இந்நேரம் எங்கூட நடந்து வந்திருப்படா" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். லென்னும் சிரித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

ஊர் முழுக்க இப்படித்தான் பேசுகிறது. அடிபட்ட மறு வாரப் பேப்பரில் நீ சொன்னது வந்ததல்லவா, "விடு என்றுதான் கத்தினேன், லென் கேட்கவில்லை" என்று. அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கோலி விடு என்றால் சென்டர் ஹாஃப் தலையைக் குனிந்துகொண்டு விலக வேண்டும், கேட்காமல் குதித்தது லென்னின் தப்பு என்று ரொட்டிக் கடைக்காரிகூட எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

ஆனால் லென் ஒன்றைத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றிலிருந்து அதையேதான் சொல்கிறார். "அவன் எடுன்னுதான் கத்துனான், மெய்ன். எடுன்னான், நான் எடுக்கப் போனேன்." டாக்டர் காதில் கைக்கடிகாரத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார். காதில் ஒரு குறையும் இல்லையாம்.

எனக்கு இந்த விளையாட்டில் ஒரு எழவும் புரியாது. ஆனால் நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, லென் பொய் சொல்லியும் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். அன்றைக்கு நீ என்ன கத்தினாய்?

மெய்ன்வென்


ஓல்டர்ஷா
14 நவம்பர் 1954

மெய்ன்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வாரத்தில் இரண்டு ஆட்டம், நடுவில் இடது கை சுண்டுவிரல் விலகி, இப்போது பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. இங்கே மழை நம் டவி பள்ளத்தாக்கு மழை மாதிரி இல்லை. கரி கலந்த மழை. பந்து ஊறி ஊறி மூன்று ராத்தல் கனத்துக்கு வந்துவிடுகிறது. கம்பளிக் கையுறை போட்டாலும் வழுக்குகிறது, போடாவிட்டாலும் வழுக்குகிறது.

வேல்ஸ் அணிக்கு ஆள் பார்க்கிறவர்களில் ஒருவர் போன சனிக்கிழமை வந்திருந்தாராம். மேனேஜர் காதோடு காதாகச் சொன்னார். யாரிடமும் சொல்லாதே.

நீ கேட்டது. பேப்பரில் சொன்னதுதான். விடு என்றுதான் கத்தினேன். அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவேன். மூடுபனி, கூட்டத்தின் கூச்சல், அந்த இரைச்சலில் லென் காதில் எப்படி விழுந்ததோ. அவனைக் குறை சொல்லவில்லை.

ஒரு விஷயம். இப்போதெல்லாம் பக்கவாட்டிலிருந்து தூக்கி அடிக்கிற கிராஸ் பந்துக்கு நான் கோலைவிட்டு வெளியே வரும்போது வாய் திறக்க வருவதில்லை. நேற்று எங்கள் பின்வரிசைக்காரர்கள் இருவர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். "வாயில என்னத்த வச்சிருக்க, உருளைக்கிழங்கா? கத்தேன்டா" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டினார். சரியாகிவிடும்.

லென்னுக்கு என் அன்பு.

இத்தெல்


போர்த்லாஸ்
16 ஜனவரி 1955

இத்தெலுக்கு,

நன்றாக நழுவுகிறாய். கையுறைக்கு வழுக்கிய பந்து உன்னிடம்தான் பாடம் படித்திருக்க வேண்டும்.

நான் என்ன கேட்டேன், நீ என்ன சொன்னாய் என்று இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. எப்படி என்று சொல்கிறேன், கேள்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு நாய் உள்ளே புகுந்து, உலர வைத்திருந்த என் காலுறையைக் கவ்விக்கொண்டது. நான் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக் கத்தினேன். நாயிடம் யாராவது யோசித்துக் கத்துவார்களா? வாயில் வந்தது நம் ஊர் வெல்ஷ் வார்த்தை. கேட் ஹி என்றேன். அதாவது, விடு என்றேன்.

முன்னறையில் ஏதோ விழுந்து உடைந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் லென் கையால் டீக் கோப்பையைத் தள்ளிவிட்டிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. "நாயிட்ட ஏன் எடுன்னு சொல்ற?" என்று கேட்டார். எடு என்று எங்கே சொன்னேன் என்றேன். "இப்பக் கத்துனியே, அதேதான். அதேதான் அவனும் கத்துனான்" என்றார்.

கடற்கரை ஊர்க்காரர்கள் அதையே 'காட் ஹி' என்று வாயை நன்றாகத் திறந்து சொல்வார்கள். நம் பள்ளத்தாக்கில் அந்த 'ஆ' நம் வாயில் வராது, நசுக்கி 'ஏ' ஆக்கிவிடுவோம். சந்தையில் அதற்காக நம்மை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறார்கள். அவசரத்தில் கத்தினால் அது 'கெட்டி' என்றுதான் கேட்கும். துறைமுகத்தில் பிறந்து இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் தெரியாத ஒருவருக்கு அது 'கெட் இட்' இல்லாமல் வேறென்ன? நீ விடு என்றுதான் கத்தினாய். அவர் எடு என்றுதான் கேட்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நீ மட்டும் பாதியை மென்று விழுங்கிவிட்டாய்.

களத்தில் வெல்ஷ் பேசக் கூடாது என்று போர்த்லாஸ் மேனேஜர் பிரதர்ட்டன் உன்னை இரண்டு தடவை எச்சரித்தது எனக்குத் தெரியும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் அதைச் சொல்லிச் சிரித்தாய். நம் மொழியில் சொன்னாய், லென் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

நாய்க்கு நான் என்ன சொன்னேன் என்று லென் மறுபடி மறுபடி கேட்டார். சும்மா விரட்டுவதற்கு ஒரு சத்தம், அர்த்தம் கிடையாது என்றேன். ஆமாம், நானும் பொய் சொன்னேன். உன் பெயர் வேல்ஸ் அணிக்கு அடிபடுகிறது என்று யோசித்துத்தான் சொன்னேன். அக்கா என்று ஒருத்தி இருந்து தொலைக்கிறாளே.

அதன் பிறகு அவர் தன் காதையே நம்புவதில்லை. அடுப்பில் கெண்டி விசிலடித்தால், "இப்ப சத்தம் வந்துச்சா, இல்ல எனக்கு மட்டுமா?" என்று கேட்கிறார். நேற்று சர்ச் மணி அடித்தபோதும் கேட்டார். உடம்பு போய்விட்டது. இப்போது புத்தியும் போய்க்கொண்டிருக்கிறதோ என்று அவருக்குப் பயம்.

நீ அவருக்கு எழுது. எனக்கல்ல. இங்கிலீஷில் எழுது, அவரே படிக்கிற மாதிரி எழுது. நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க மாட்டேன்.

மெய்ன்வென்


ஓல்டர்ஷா
27 மார்ச் 1955

அக்கா,

என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் கார்டிஃப்பில், வேல்ஸுக்கு. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா கல் சுரங்கத் தூசியால் இருமி இருமிச் சாகக் கிடந்தபோது நான் கோலியாகப் போகிறேன் என்று சொன்னதற்கு அவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? நிற்கிறதுக்குச் சம்பளமா என்றார்.

ஆமாம். நீ சொன்னது எல்லாம் ஆமாம்.

அன்றைக்கு வலது பக்கத்திலிருந்து கிராஸ் உயரமாக வந்தது. பனியில் பந்து மறைந்து, தோன்றி, மறுபடி மறைந்தது. எதிரணியின் சென்டர் ஃபார்வர்டு என்மேல் பாய்ந்துகொண்டு வந்தான். பயந்தேன், அக்கா. பயந்த நேரத்தில் வாய் இங்கிலீஷைத் தேடுமா? வார்த்தை வாயைவிட்டுப் போன அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. லென் திரும்பவில்லை, குனியவில்லை, எழும்பினான். நல்ல பிள்ளையாக, சொன்ன பேச்சைக் கேட்டு எழும்பினான். நான் ஏற்கனவே காற்றில் இருந்தேன். முட்டியை இறக்க முடியவில்லை.

அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன பிறகு மீதி முப்பத்தைந்து நிமிஷம் ஆடினோம். முடிந்ததும் கிளப் செயலாளர் கேட்டார், என்ன கத்தினாய் என்று. பக்கத்தில் பிரதர்ட்டன் நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு தடவ அந்தப் பாஷைல கத்துன, ரிசர்வ் டீமுக்குப் போயி அங்க ஆட்டுமந்தைகிட்ட கத்திக்க" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். விடு என்று கத்தினேன் என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை பத்திரிகைக்காரரிடமும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

எழுதுகிறேன். சத்தியமாக எழுதுகிறேன். இந்த ஒரு ஆட்டம் முடியட்டும். இப்போது அது வெளியே வந்தால் வேல்ஸ் சட்டையைப் போடுவதற்கு முன்பே கழற்றிவிடுவார்கள். ஒரே ஒரு ஆட்டம், அக்கா. மறுநாள் லென்னுக்கு எழுதுகிறேன்.

இத்தெல்


போர்த்லாஸ்
24 ஏப்ரல் 1955

இத்தெலுக்கு,

ஆட்டத்தை ரேடியோவில் கேட்டோம். லென் காலையிலேயே முகச் சவரம் செய்துவிடச் சொன்னார். உன் பெயரை அறிவித்தபோது கையைத் தட்டப் பார்த்தார், முடியவில்லை, என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.

உன் வலைக்குள் நான்கு கோல். கோலி வரவும் இல்லை, கத்தவும் இல்லை, தடுப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று வர்ணனையாளர் முதல் இரண்டு கோலுக்கும் அதையேதான் சொன்னார். மூன்றாவதுக்குப் பிறகு லென், "அவன் வாயே தொறக்கலையே மெய்ன்" என்றார். ரேடியோவை நிறுத்தவா என்றேன். வேண்டாம் என்றார்.

நீ மறுநாள் எழுதுவதாகச் சொன்னாய். தபால்காரர் நான்கு நாளாக எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார்.

இப்போது லென் சொல்வதை எழுதச் சொல்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "தப்பு எம்பேர்லதான்டா. எனக்குத்தான் ஏதோ தப்பாக் கேட்டிருக்கு. இப்பல்லாம் நெறைய தப்பாக் கேக்குது. உன் கையக் காலை ஒடச்சிருப்பேன், நல்லவேளை. அதையே நெனச்சு நெனச்சு வாய மூடிக்காத. கத்தி ஆடு."

எழுதிவிட்டாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். எழுதிவிட்டேன்.

கழுத்தை உடைத்தவன் ஊரில் நல்ல பெயரோடு இருக்க, உடைபட்டவர் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். இதை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். இனி நீ அவருக்கு இங்கிலீஷில் எழுதுகிற வரை உன் கடிதம் எதையும் நான் பிரிக்க மாட்டேன்.

மெய்ன்வென்


நிக்லாஸ் மில், எல்லைப்புறம்
6 அக்டோபர் 1957

மெய்ன் அக்காவுக்கு,

உறையின் மேல் லென்னின் பெயரையும் எழுதியிருப்பதால் பிரிப்பாய் என்று நம்புகிறேன். உள்ளே இரண்டு காகிதம். இது உனக்கு. இங்கிலீஷில் இருப்பது அவனுக்கு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாமல் கொடு.

இரண்டரை வருஷம் என்ன செய்தேன் என்று கேட்பாய். கீழே இறங்கினேன். வேல்ஸ் அணி என்னை மறுபடி கூப்பிடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கே ஓல்டர்ஷாவில் ரிசர்வுக்கு அனுப்பினார்கள். அப்புறம் வடக்கே மூன்றாம் டிவிஷனில் ஒரு கிளப். அங்கே நான் கத்தாமல் வெளியே வந்து சிரில் என்கிற எங்கள் பின்வரிசைக்காரனின் முன்பல் நான்கைப் பெயர்த்தேன். அவர்களும் அனுப்பிவிட்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் இந்த ஊர் அணிக்கு ஆடுகிறேன், மற்ற நாளில் மாவு மில்லில் மூட்டை தூக்குகிறேன். கை இன்னும் நன்றாகத்தான் பிடிக்கிறது. பந்துக்கும் மூட்டைக்கும் கத்த வேண்டியதில்லை. மனுஷர்களுக்குத்தான் கத்த வேண்டும்.

எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள லென்' என்பதைத் தாண்டவில்லை. முதலில் வேல்ஸ் சட்டைக்காகப் பயந்தேன். அது போன பிறகும் எழுதவில்லை. அப்புறம் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாள் கழித்து எழுதினால், இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்பதையும் எழுத வேண்டுமே என்றிருந்தது.

நேற்று எங்கள் பின்வரிசைக்காரர் ஒருவர், ரொட்டி சுடுகிறவர், என் முன்னால் பந்துக்கு எழும்பினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பந்து அவர் தலையில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. ஆட்டம் முடிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நம் பள்ளத்தாக்குக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஏன்யா, இங்கிலீஷ் வரலைன்னா நம்ம பாஷையிலயே கத்தேன். நான் புரிஞ்சுக்குவேன். இங்க யாரு வேணாங்கிறா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா. அவர் பயந்துபோய் எழுந்து போய்விட்டார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல், ஸ்கோர் எழுதுகிறவரிடம் காகிதம் வாங்கி அங்கேயே எழுதினேன். ஒன்றும் பெரிதாக இல்லை, லென்னிடம் சொல்வது இதுதான். நான் கத்தியது வெல்ஷ். நீ கேட்டது சரி. உன் காதும் சரி, புத்தியும் சரி. பேப்பரில் பாதி உண்மையைச் சொல்லி உன் பெயரைக் கெடுத்தேன். நீ சொன்ன பேச்சைக் கேட்டதால்தான் படுத்திருக்கிறாய். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

கையுறையை ரொட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இனி ஆடப்போவதில்லை. லென் வரச் சொன்னால் வருகிறேன். வராதே என்றால் அதையும் எழுது.

இத்தெல்


போர்த்லாஸ்
12 டிசம்பர் 1957

இத்தெலுக்கு,

லென் இந்த மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை மத்தியானம் இறந்துபோனார். சிறுநீரகத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். உனக்குத் தந்தி கொடுக்கவில்லை. மறந்து அல்ல.

உன் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உயிர் போகிற மாதிரி காத்திருப்பாய். நான் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தேன், அவரே படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொல் என்றார். சொன்னேன். அவன் சொல்கிற மாதிரி கத்திச் சொல் என்றார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினேன். "அதேதான்" என்றார். "அப்ப நான் பைத்தியம் இல்ல." கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாதே, நான் துடைத்துவிட்டேன்.

அப்புறம் கேட்டார். "நீ எப்பத் தெரிஞ்சுக்கிட்ட?"

நாய் காலுறையைக் கவ்விய அன்றைக்கு என்றேன். கிட்டத்தட்ட மூன்று வருஷம். வேறு பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டினேன், கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். உன்மேல் அவருக்கு அவ்வளவு கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நீ தூரத்தில் இருந்தாய். நான் பக்கத்திலேயே இருந்துகொண்டு, கெண்டி விசிலடித்ததா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அடித்தது, அடித்தது என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், "சரி, சொல்லிக் குடு" என்றார். எதை என்றேன். "உங்க பாஷைய."

ரொட்டி, தண்ணீர், ஜன்னல், மழை. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆரம்பித்தோம். நாக்கு அவருக்குப் புரளவே இல்லை. பதினோரு வார்த்தை ஆகும்போது காய்ச்சல் வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். டீயும் பன்றித்தொடைக் கறியும் வைத்திருந்தேன். வில்ஃப் இருந்தார், கிளப் செயலாளர் இருந்தார், ரொட்டிக் கடைக்காரியும் இருந்தாள். பாவம் லென், அன்றைக்கு மட்டும் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நின்று உன் இங்கிலீஷ் கடிதத்தை முதல் வரியிலிருந்து உன் கையெழுத்து வரை வாசித்தேன். வில்ஃப் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இது பத்திரிகைக்குப் போக வேண்டாமே என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். அடுத்த நாள் காலை நானே பேப்பர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நாளையோ மறுநாளோ வரும். உன் ஊரிலும் கிடைக்கும், வாங்கிப் படி.

இதோடு இருக்கிற துண்டுக் காகிதம் லென் உனக்கு எழுதியது. காய்ச்சலுக்கு முந்தின நாள், நர்ஸ் விட்டுப்போன அட்டையின் பின்பக்கத்தில், இரண்டு விரலுக்கு நடுவில் பென்சிலைச் செருகி, அரை மணி நேரம் எழுதினார். நான் கையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வார்த்தைதான். அவருக்குத் தெரிந்தது இங்கிலீஷ் எழுத்து மட்டும், அதனால் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். 'கெட் இட்' என்றிருக்கும். இங்கிலீஷில் படித்தால் எடு. அவர் வாயால் சத்தமாகப் படித்தால் நம் மொழியில் விடு. இதைத்தான் அவனுக்கு அனுப்பணும் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நான்கு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரையும் நான்தான் பார்த்தேன், அதனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

நான் விடவில்லை. உன்னையும் விடவில்லை, என்னையும் விடவில்லை. இப்போது வராதே.

கல்யாணமான புதிதில் லென் என்னிடம் கேட்டார், உங்கள் மொழியில் உன் அம்மாவிடம் ஏதாவது நல்லதாகச் சொல்லக் கற்றுக்கொடு என்று. நீதான் யோசனை சொன்னாய், 'நான் ஒரு கிழட்டுக் கோழி' என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று. அவர் தலைவாரி, டை கட்டி, அம்மா முன்னால் நின்று அதைச் சொன்னார். நாம் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். அதற்குப் பிறகும் மேஜையில் நாம் ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், என்ன, என்ன என்பார். ஒன்றுமில்லை என்போம். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவதற்கு நமக்கு அது வசதியாக இருந்தது.

பதினோரு வார்த்தை வேண்டாம், கேட் ஹி என்கிற அந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மெய்ன்வென்